அப்புச்சி வீட்டுச் சுவர் ஏன் பொரிகிறது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் வயலை ஒட்டி எங்கள் அப்புச்சி கட்டிய வீடு இருக்கிறது. 1920களில் கட்டியது என்பார்கள். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவர், ஒன்றரை அடி கனம், மேலே ஓடு. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் செங்கல் பொரிந்து மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் முன்பு கொத்தனார் அதன்மேல் சிமெண்ட் பூசினார். இரண்டு வருடம் நன்றாக இருந்தது. பிறகு பூச்சு பாளம் பாளமாக விழ ஆரம்பித்தது. இப்போது உப்பு நாலடிக்கு மேல் ஏறிவிட்டது. டொராண்டோவில் இருக்கும் மகளும் நூறு வருடப் பழைய செங்கல் வீடு ஒன்றை வாங்கியிருக்கிறாள். அங்கேயும் செங்கல் இப்படியேதான் உரிகிறது, உறைபனியால் என்கிறார்களாம். கோபியில் ஏதுங்க உறைபனி? இரண்டு வீட்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யலாமா? வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் அடிக்காதீர்கள். சிமெண்ட் பூச்சு செய்த கெடுதலையே அதுவும் செய்யும், இன்னும் சீக்கிரமாகச் செய்யும்.

உங்கள் சுவருக்கு வந்திருப்பது ஓதமும் உப்பும். மண்ணிலிருக்கும் ஈரத்தைச் செங்கல் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுக்கிறது. அந்த ஈரத்தில் உப்பு கரைந்திருக்கிறது. தண்ணீர் காற்றில் காய்ந்துவிடும். உப்பு எங்கே போகும்? காயும் இடத்திலேயே தங்கிப் படிகமாகிறது. சுவரின் மேல்தோலில் படிந்தால் வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். தோலுக்குக் கால் அங்குலம் உள்ளே, செங்கல்லின் நுண்துளைக்குள் படிந்தால்தான் வினை. படிகம் வளர வளரத் துளையின் சுவரை நெம்பி உடைக்கும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்.

டொராண்டோவில் இதே வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. கல் நனைந்து ஊறிக் கிடக்கும்போது உறைந்தால் அந்தப் பெருக்கத்துக்கு இடமில்லை, முகம் பிய்ந்துகொண்டு வரும். ஒரே குளிர்காலத்தில் பலமுறை உறைவதும் உருகுவதுமாக இருப்பதுதான் அங்கே தொல்லை. காய்ந்த கல்லைக் குளிர் ஒன்றும் செய்யாது. ஆக எதிரி இரண்டு ஊரிலும் தண்ணீர்தான். நம் பக்கத்தில் உறைபனி பார்க்க ஊட்டிக்குப் போக வேண்டும். அங்கும் புல்மேல் படிவதோடு சரி, கனத்த சுவர் உள்ளுக்குள் உறைவதில்லை.

சிமெண்ட் எங்கே கெடுத்தது? மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது 1934-ல். அதற்கு முந்திய கொங்கு வீடுகளில் காரை என்றால் சுண்ணாம்புக் காரைதான், எளிய வீடுகளில் செம்மண் சேறு. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மெத்தென்றிருக்கும். ஈரமும் உப்பும் அதன் வழியாக வெளியே வந்து, அரித்தாலும் காரையை அரிக்கும். பத்திருபது வருடத்துக்கு ஒருமுறை கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்தைச் சுரண்டிப் புதுக் காரை வைப்பார்கள், கல் அப்படியே இருக்கும். அதன்மேல் அடர்த்தியான சிமெண்டை அப்பினால் ஈரத்துக்கு வாசல் அடைபடுகிறது. பூச்சுக்குப் பின்னால் தேங்கும் ஈரம் வெளியேற வழி தேடி மேலே ஏறும். உங்கள் மூன்றடி நாலடி ஆனது இப்படித்தான். போதாததற்குச் சிமெண்டிலேயே கரையும் உப்பு கொஞ்சம் உண்டு. பூச்சு பாளமாக விழும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், செங்கல் தோல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

வேலையைச் சுவரில் ஆரம்பிக்காதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

வயலை ஒட்டிய வீடு என்கிறீர்கள். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனம் என்றால், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பென்சிலால் சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வாய்க்கால் அடைத்து இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கோடு இறங்கினால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. இறங்கவே இல்லையென்றால் குழாய்க் கசிவு, குளியலறைச் சாக்கடை, செப்டிக் தொட்டி இவற்றைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து வாசல். மண் வாசலாக இருந்ததைக் கான்கிரீட் போட்டு மெழுகியிருக்கிறீர்களா? முன்பு மண்ணிலிருந்து நேராகக் காற்றுக்குப் போன ஈரம் இப்போது சுவர் வழியாகத்தான் போக முடியும். சுவரை ஒட்டி ஒன்றரை முதல் இரண்டடி அகலத்துக்குக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, ஓரடி ஆழம் தோண்டி, முக்கால் அங்குல ஜல்லி நிரப்புங்கள். கடைக்கால் (அஸ்திவாரம்) அதைவிட மேலோட்டமாக இருந்தால் அதன் அடிமட்டத்துக்கு மேலேயே நிறுத்திவிடுங்கள். தோண்டிய பள்ளத்தின் அடித்தளம் வீட்டைவிட்டு வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே ஒரு தொட்டி கட்டினதாக ஆகிவிடும். வெளி மண்மட்டம் வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். தெருவை மேலே மேலே போட்டு உயர்த்திய ஊர்களில் இது தலைகீழாகக் கிடக்கிறது. ஓட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். கூரையோரத்தில் தகர வாய்க்கால் இல்லாவிட்டால் மழை தரையில் தெறித்துச் சுவரின் கீழ் ஒன்றரை அடியை ஊறவைக்கும்.

உப்பு எங்கிருந்து என்பதையும் யோசியுங்கள். அந்தச் சுவரை ஒட்டி எந்தக் காலத்திலாவது கட்டுத்தரை இருந்ததா? மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணில் நைட்ரேட் உப்பு சேரும். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை ஆசாரத்திலோ (முன்கூடம்) உள்ளறையிலோ சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தாலும் அதே கதை. இந்த வகை உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சும். ஐப்பசியில் சுவர் தானாக வேர்க்கிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

இவற்றைச் சரிசெய்த பிறகு சிமெண்ட் பூச்சை எடுங்கள். ஏற்கெனவே பெயர்ந்து நிற்கும் ஓரத்திலிருந்து தட்டையான உளியைச் சாய்த்துப் பிடித்து, சிறிய சுத்தியலால் தட்டி நெம்ப வேண்டும். தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் எளிதாக வந்துவிடும். கணீரென்று ஒட்டிக் கிடக்கும் இடத்தில் கல்லோடு சேர்ந்து பெயர்ந்தால் அந்தத் துண்டை அங்கேயே விட்டுவிட்டு நகருங்கள், சில மாதத்தில் தானாகத் தளரும். இடிக்கும் மெஷினை உள்ளே விடவே கூடாது.

பூச்சு போனதும் சுவர் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சொந்தக்காரர்கள் வந்து ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்படியே காயவிடுங்கள். ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் முக்கால் வருடம் பிடிக்கும். முழுதாகக் காயும்வரை காத்திருக்க முடியாவிட்டாலும் பங்குனி, சித்திரை வெயில் ஒன்றாவது சுவர்மேல் படட்டும். இந்த மாதங்களில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பயப்படாதீர்கள், வெளியே வருவது நல்லதுதான். வாரம் ஒருமுறை காய்ந்த தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த தார்ப்பாயில் சேர்த்து, வீட்டைவிட்டுத் தள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும். சுவர் ஓரமாகவே கூட்டித் தள்ளினாலும் அடுத்த மழையில் அதே உப்பு திரும்ப ஏறும்.

உப்பு மிக அதிகமாக இருக்கும் இடத்துக்குப் பற்று போடலாம். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழுடன் உப்பில்லாத வெள்ளைக் களிமண்ணும் கழுவிய மணலும் சம அளவு சேர்த்து, மழைத் தண்ணீரில் பிசைந்து முக்கால் அங்குல கனத்துக்கு அப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து தானாக விலகும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். ஒரு பற்றுக்கு எல்லாம் வந்துவிடாது, இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கும்.

பிறகு கல்லைத் தரம் பிரியுங்கள். அரை அங்குலத்துக்குள் முகம் போன கல்லை அப்படியே விடலாம், மேலே வரும் பூச்சு மறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போயிருந்து உட்பக்கம் கெட்டியாக இருந்தால், சந்தைச் சுரண்டிக் கல்லை முழுதாக உருவித் திருப்பி வைக்கலாம். நல்ல முகம் வெளியே வந்துவிடும். அதே கல், அதே அளவு, அதே சூளை. இதைவிடப் பொருத்தமான மாற்றுக் கல் கிடைக்காது. பாதிக்கு மேல் மாவாகப் போனதை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுக் கல்லுக்கு முதலில் பழைய கல்லின் நீள அகல உயரத்தை அளந்துகொள்ளுங்கள், இன்றைய அளவோடு அது ஒத்துவராது. பக்கத்தில் இடிக்கும் பழைய வீட்டுக் கல் கிடைத்தால் நல்லது, ஆனால் கூரைக்குக் கீழ் உயரத்தில் இருந்த கல்லாகக் கேட்டு வாங்குங்கள். அடிச்சுவர்க் கல்லில் உங்களிடம் இருக்கும் நோயே இருக்கும். புதுக் கல் வாங்கினால் ஒன்றைக் காய்ந்த எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்தக் கல் வேண்டாம். பத்துக்குக் கீழே வரும் அடர்ந்த கல்லும் பழைய சுவருக்கு ஆகாது. சுற்றியிருக்கும் பழைய கல் ஈரத்தையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு சாகும்.

ஒரே நேரத்தில் அடுத்தடுத்த கற்களை எடுக்கக் கூடாது. ஒன்றை எடுத்தால் இரண்டு கல் தள்ளி அடுத்தது. வைத்த காரை இறுகிய பிறகுதான் நடுவிலிருப்பதைத் தொட வேண்டும். மூன்றடி நீளத்துக்கு மேல் தொடர்ச்சியாகக் கெட்டிருந்தால் மேலே முட்டுக் கொடுக்காமல் கை வைக்காதீர்கள். புதுக் கல்லைத் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, ஈரம் சொட்டாத பக்குவத்தில் எடுத்து, அடியிலும் பக்கத்திலும் காரை அப்பி உள்ளே தள்ளுங்கள். மேல் சந்துதான் ஏமாற்றும் இடம். வெளியில் காரை தெரியும், உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதனால் மேல் சந்தில் காரையைச் சிறிய பட்டைக் கம்பியால் குத்திக் குத்தி நிரப்பி, ஓட்டுச் சில்லு இரண்டை ஆப்பாக அடித்து இறுக்குங்கள்.

இனி காரை. முதலில் பழைய காரை என்னவென்று பாருங்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகிவிட்டால் அது செம்மண் கட்டு. அப்படியானால் கீழே சொல்லும் கலவையைச் சந்தின் வெளிவாயில் மட்டும் வையுங்கள், உள்ளே மண்ணே இருக்கட்டும். கரையாமல் நின்று, விரலால் நசுக்கினால் பொடிந்தால் சுண்ணாம்பு.

சுண்ணாம்பைக் காளவாயிலிருந்து (சுண்ணாம்புச் சூளை) சுட்ட சுண்ணாம்புக் கல்லாக வாங்கி, நீங்களே தண்ணீரில் நீற்றுவது உத்தமம். டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். பிளாஸ்டிக் டிரம் இந்தச் சூட்டுக்குத் தாங்காது, இரும்பு டிரம்தான் வேண்டும். நல்ல கல் ஒரு கிலோவுக்குச் சுமார் 2 லிட்டர் குழம்பு வரும். அதைச் சல்லடையில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் மூன்று மாதம். அவசரப்பட்டுப் பயன்படுத்தினால் நீறாத துகள்கள் பூச்சுக்குள் பின்னால் நீறி, அம்மைக் கொப்புளம்போல் வெடித்து விழும்.

மேல் சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் குழம்பு, மூன்று பங்கு மணல் போதும். கீழ் நாலடிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி (செங்கல் பொடி), இரண்டு பங்கு மணல். வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும், ஈரச் சுவரில் திணறும். செங்கல் பொடி சேர்ந்தால் ஈரத்திலும் பிடிக்கும். சுர்க்கிக்குச் சூளையில் குறைவாக வெந்த புதுக் கல்லை இடித்துச் சலியுங்கள். சுவரிலிருந்து எடுத்த உப்புக் கல்லை வீணாக்குவானேன் என்று இடித்துச் சேர்த்தால் உப்பை நீங்களே திருப்பிப் பூசினதாகும். மணலைப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படியும் வண்டல் மணலில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும். எம்-சாண்டு (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் அதன் தூசியைக் கட்டாயம் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்தில் அதிலேயே உப்பு அதிகம். ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் மீட்டரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 500-க்குள் காட்டும் தண்ணீராகப் பாருங்கள்.

கடுக்காயும் கருப்பட்டியும் சேர்க்க வேண்டுமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சேர்த்தால் கலவை நன்றாக இழையும், நிதானமாக இறுகும். ஆனால் அவை இல்லாமலும் வேலை நிற்கும். ஊறாத சுண்ணாம்பையும் கழுவாத மணலையும் எந்தக் கடுக்காயும் காப்பாற்றாது. பிடிமானத்துக்கு ஒரு கரண்டி சிமெண்ட் போட்டுக்கலாங்க என்று கொத்தனார் சொன்னால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சந்தின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். அரை அங்குலச் சந்துக்கு ஒன்றே கால் அங்குலம் வரும். கையால், குறுகிய உளியால். கட்டிங் மெஷின் ஒருமுறை வழுக்கினால் கல்லின் விளிம்பு போய்விடும், விளிம்பு போன கல் சீக்கிரம் பொரியும். சுரண்டியதைக் காற்றடித்துத் தூசி எடுத்து, தண்ணீர் தெளித்து, நீர் மினுமினுப்பு மறைந்ததும் காரை வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். அரை அங்குலம் வைத்து, கட்டைவிரல் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்ததும் அடுத்தது. கடைசியில் கல் முகத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்கட்டும், கல்மேல் வழித்து விடாதீர்கள். 100 சதுர அடிக்கு 2 முதல் 2½ கன அடி காரை ஆகும். வெளிச்சுவர் ஐம்பதடி நீளம், நாலடி உயரம் என்றால் 4 முதல் 5 கன அடி கலந்தால் போதும்.

காலம் முக்கியம். நம் ஊரில் சுண்ணாம்பு வேலைக்கு எமன் மழையைவிடக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணிவரை அடிக்கும் காற்று, வைத்த காரையை ஒரே பகலில் உறிஞ்சிக் காயவைத்துவிடும். காய்ந்த காரை இறுகாமல் பொடியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஆக தை, மாசி, பங்குனிதான் தோது. ஈரச் சாக்கைச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டுப் பத்து நாள் காலையும் மாலையும் தெளியுங்கள். குழாயைப் பிடித்து அடிக்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்துக் கீழ் நாலடிக்கு அதே சுர்க்கிக் கலவையில் இரண்டு கோட்டாக முக்கால் அங்குலப் பூச்சு. 100 சதுர அடிக்கு ஆறரை கன அடி வரும். மணியாஸ் கட்டையால் (பூச்சைச் சமன்செய்யும் மரக்கட்டை) தேய்த்தால் போதும், சிமெண்ட்போல் பளபளவென்று மெழுகினால் துளை அடைபடும். மேலே சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். பொங்கலுக்கு முன் வருடாவருடம் வெள்ளையடித்த வழக்கம் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. ஒவ்வொரு கோட்டும் சுவருக்கு ஒரு மெல்லிய மேல்தோல். எமல்ஷன் பெயிண்ட் வந்ததும் அந்தத் தோல் நின்றுபோனது.

மகள் வீட்டுக்கு வருகிறேன். 1920கள் அங்கே சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து புழங்கிய காலம். காரையைச் சோதிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. நகத்தால் கீறினால் உதிரும் காரையாக இருந்தால், அங்கே கிடைக்கும் இயற்கை நீரியல் சுண்ணாம்பில் (ஈரத்திலும் இறுகும் சுண்ணாம்பு) 3.5 தரம் பொருந்தும். அல்லது ஓ டைப் காரை: ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, எட்டு அல்லது ஒன்பது பங்கு மணல். சிமெண்ட் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு அங்கே சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அவ்வளவு குறைந்த பங்கில், கல் ஓரளவு கெட்டியாக இருந்தால், அது அந்தக் குளிருக்கு ஏற்றது. எஸ் டைப் போன்ற வலுவான காரையை யார் சொன்னாலும் மறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் கெடும் இடங்கள் அங்கே வேறு: புகைபோக்கி, ஜன்னலின் அடிக்கட்டு, கூரை நீர்க்குழாய் ஒழுகும் மூலை, பனி உருக உப்புத் தூவும் வாசற்படிக்குப் பக்கத்துச் சுவர். கடைசியது உப்பும் பனியும் கூடி அடிக்கும் இடம். இன்னொன்று, குளிர் தாங்க வெளிச்சுவரின் உட்பக்கம் இன்சுலேஷன் போட நினைத்தால் முதலில் கட்டட நிபுணரைக் கேட்கட்டும். வீட்டின் சூடு கல்லுக்கு வராமல் போனால் கல் முன்பைவிடக் குளிர்ந்து, ஈரமாகவே கிடந்து, இதுவரை உறையாத சுவரும் உறைய ஆரம்பிக்கும். பழைய கல் வாங்கி மாற்றும்போது, சுவரின் உள்வரிசைக்கென்று குறைவாகச் சுட்ட வெளிறிய கல் கலந்திருக்கும். அதை வெளியே வைத்தால் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காது. வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். இரவு வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் காரை இறுகாது, இறுகாத காரை உறைந்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் விரிசல் பற்றி இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக விரிசல் ஓடியிருந்தால், அதன் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை மாதாமாதம் அளந்து எழுதுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ வளர்ந்துகொண்டே போனாலோ அது கடைக்கால் விவகாரம். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும்வரை கல்லைத் தொட வேண்டாம்.

புதுப் பூச்சிலும் முதல் இரண்டு மழைக்காலத்தில் உப்பு பூக்கும். உள்ளே மிஞ்சியிருப்பது வெளியே வருகிறது என்று அர்த்தம், காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சில வருடத்தில் கீழ் நாலடிப் பூச்சு பொரிய ஆரம்பிக்கலாம். அப்போது அந்தப் பூச்சை மட்டும் தட்டி எடுத்துவிட்டு, இதே கலவையில் திரும்பப் பூசிக்கொள்ளுங்கள். கல்லுக்குப் பதிலாகப் பொரிவதற்குத்தான் அதை அங்கே வைக்கிறோம்.